பனிக்காலத் தேயிலை: ருசி கூடுது, எடை குறையுது

மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றையும் கடை அரிசிச் சோற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். மரச்செக்குக் கடலை எண்ணெயை மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் வாயில் வைக்கிற டீயைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? நாட்டு மாட்டுப் பாலா, நாட்டுச் சர்க்கரையா என்று பார்க்கிறோம். தூள் எங்கே விளைந்தது, எந்த மாதம் பறித்தது, யார் பறித்தது என்று கேட்பதே இல்லை.

அதைக் கேட்க வேண்டிய மாதங்கள் இவை. நீலகிரியில் வருடத்திலேயே நல்ல டீ விளைவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். உறைபனித் தேயிலை என்று அதைத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதே மாதங்களில்தான் அங்கிருக்கும் சிறு தேயிலை விவசாயி கையில் வருடத்திலேயே குறைவான காசு புரள்கிறது. நல்ல சரக்கு விளைகிற காலம் பஞ்ச காலமாக இருக்கிற விந்தை இது. இதை மேடையில் பேசிப் புரிய வைப்பதைவிட, ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் சீக்கிரம் புரிகிறது.

நாலு கோப்பை

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார் ஒரு நண்பர். ஏழெட்டு வருடமாக ரசாயனம் இல்லை. இலையில் பெரும்பகுதியை ஃபேக்டரிக்குத்தான் கொடுக்கிறார். பனிக்காலத்தில் மட்டும் கொஞ்சம் இலையை வீட்டிலேயே கையால் உருட்டி டீயாக்குகிறார். போன அரையாண்டு லீவில் சமவெளியிலிருந்து நாங்கள் மூன்று குடும்பம் போயிருந்தோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு லீவுக்கு வெளியூரில் வேலை பார்க்கிற அவர் வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து நாலு டீயைச் சுவைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

டீ டேஸ்டர்கள் செய்கிற மாதிரியே செய்தோம். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், நன்றாகக் கொதித்த தண்ணீர், மூடி போட்டு 6 நிமிடம். ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரமுறை சொல்வது இதைத்தான். இது ருசியாக டீ போடும் முறை இல்லை. நாலு டீயையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் முறை. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. எந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது என்பது டீ போட்ட அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் கோப்பை, நாங்கள் கீழேயிருந்து கொண்டுபோன டஸ்ட் டீ. தண்ணீர் ஊற்றிய ஒரு நிமிடத்திலேயே கறுத்துவிட்டது. வாயில் வைத்ததும் காட்டம். பிறகு நாக்கில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஒரு சொரசொரப்பு. வேறு ஒன்றுமில்லை. மணம் என்று தேடினால் பழைய அட்டைப்பெட்டி வாசனைதான் வந்தது.

இரண்டாவது, அந்தப் பகுதி ஃபேக்டரியில் புதிதாக வந்த சிடிசி. நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் முறைக்குத்தான் சிடிசி என்று பெயர். நல்ல சிவப்பு, சுறுசுறுப்பான துவர்ப்பு. "பால் ஊத்தினா நிக்கும்" என்றார் ஒருவர். சரியான தீர்ப்பு. சிடிசியே பாலுக்காகச் செய்கிற டீதான். நல்ல இலையில் செய்த சிடிசி கேவலமான பொருள் இல்லை.

மூன்றாவது, மழை மாதத்து இலையில் செய்த ஆர்த்தடாக்ஸ். ஆர்த்தடாக்ஸ் என்றால் இலையைக் கிழித்துக் குருணையாக்காமல் முறுக்கி உருட்டும் பழைய முறை. வெளிர் நிறம், சுத்தமான ருசி, ஆனால் சட்டென்று முடிந்துபோனது. குடித்த கொஞ்ச நேரத்தில் வாயில் எதுவும் தங்கவில்லை.

நாலாவது கோப்பையின் மூடியைத் திறந்தபோதே பேச்சு நின்றது. கோம்பைத் தேன் மாதிரி நிறம். ஒருவர் மல்லிகை என்றார், ஒருவர் இல்லை, பழுத்த கொய்யா என்றார். நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு, அதற்குப் பின்னால் தொண்டையில் ஒரு இனிப்பு. சர்க்கரை போடவில்லை என்று குழந்தைகள் நம்பவில்லை. நாலையும் ஆற வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டும் ஆறியதும் கலங்கின. நாலாவது ஆறிய பிறகும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நல்ல நீலகிரி ஆர்த்தடாக்ஸின் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

வடிகட்டிய சக்கையையும் பார்க்க வேண்டும். முதல் கோப்பையில் கறுப்புச் சகதி. நாலாவதில், வெந்நீரில் பிரிந்து விரிந்த முழு இலைகள்: இரண்டு இலை, ஒரு மொட்டு, காம்போடு, செம்பு நிறத்தில். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். நண்பர் தோட்டத்தில் பறிக்க வருகிறவர்.

"நாப்பது வருஷமா பறிக்கறேனுங்க. நாங்க குடிக்கறதெல்லாம் டஸ்ட்டுதான். இந்த எலைக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

பனி என்ன செய்கிறது?

உறைபனித் தேயிலை என்ற பெயரைக் கேட்டு, பனி விழுந்த இலையைப் பறித்துச் செய்வது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உறைபனி நேராக விழுந்த செடி கருகிப் போகும். மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி மாதிரி இடங்களில் காலையில் புல்வெளி வெள்ளையாக இருப்பது அதனால்தான். பள்ளத்தில் இருக்கிற தேயிலையைக் காப்பாற்றக் காய்ந்த பெரணித் தழையைப் போட்டு மூடுகிறார்கள். விடியும் முன்னே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒரு கடும்பனி போதும், அடுத்த பல வாரங்களுக்கு அந்தச் செடியில் இலை கிடையாது.

ருசியான இலை வருவது அதற்குச் சற்று மேலே, சரிவில். அங்கே குளிர் கடிக்கும், கருக்காது. பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர், காற்றில் ஈரமில்லை. செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் சடசடவென்று வளர்கிற கொழுந்து இப்போது மெதுவாக வருகிறது. மெதுவாக வளர்கிற கொழுந்தில் மணத்துக்கும் ருசிக்கும் காரணமான பொருள்கள் செறிவாகச் சேர்கின்றன. மழைக்காலத்து இலையில் நீர்ச்சத்து அதிகம். பனிக்காலத்து இலையில் சாறு கெட்டி. நம் ஊரில் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி வளர்த்த கீரைக்கும் வானம் பார்த்த கீரைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான்.

இன்னொரு லாபமும் உண்டு. மழை மாதங்களில் தேயிலைக்குப் பெரிய எதிரி கொப்புள நோய். வறண்ட குளிரில் அது அடங்கிவிடும். பறித்த இலையை வாட்டுவதற்கும் ஈரமில்லாத காற்றுதான் வசதி.

வீட்டில் செய்த விதம்

நண்பர் செய்கிற முறையில் ரகசியம் எதுவுமில்லை. பனி உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் பறிக்கிறார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு மட்டும். கத்திரியோ மெஷினோ கிடையாது, விரல்தான்.

பறித்ததை மூங்கில் தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரவு முழுக்க வாட விடுகிறார்கள். குளிரில் 16 மணி நேரம் வரை ஆகிறது. காம்பை மடித்தால் ஒடியக் கூடாது, வளைய வேண்டும். அதுதான் பதம். பிறகு பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும், அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை. இலையின் செல்கள் உடைந்து சாறு கையில் பிசுபிசுக்கும்.

உருட்டியதை ஈரத்துணியால் மூடி வைத்துவிடுகிறார்கள். இதை நொதித்தல் என்று ஃபேக்டரியில் சொன்னாலும், தோசை மாவு புளிக்கிற கதை இல்லை. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் பார்த்திருப்போம். அதே வேலைதான் இங்கே நடக்கிறது. காற்று பட்டு இலைச் சாறு நிறம் மாறுகிறது, பச்சை செம்பாகிறது. பச்சைப் புல் வாசனை போய்ப் பழ வாசனை வருகிற நேரத்தைப் பிடிப்பதுதான் கைப்பக்குவம். அந்தக் குளிரில் மூன்று நாலு மணி நேரம் ஆனது. சீக்கிரம் எடுத்தால் பச்சை வாடை நிற்கும். தாமதித்தால் சப்பென்று போகும். கடைசியில் சூடான காற்றில் மொறுமொறுப்பாகக் காய வைக்க வேண்டும். ஈரம் 3 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் கெடாமல் நிற்கும்.

நாங்கள் இருந்தபோது இரண்டு பேர் ஒரு காலை முழுக்கப் பறித்தது நாலரைக் கிலோ. காய்ந்து வந்தது ஒரு கிலோ.

எடைக்கு விலை, ருசிக்கு?

இப்போது கணக்குக்கு வருவோம். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாலரைக் கிலோவுக்கு 90 ரூபாய். பறிகூலியே அதைத் தின்றுவிடும். மழை மாதத்தில் ஒரு சுற்றுப் பறித்தால் 300 கிலோ வருகிற நண்பர் தோட்டத்தில் ஜனவரியில் 60 கிலோ வருகிறது. ருசி கூடுகிறது, எடை குறைகிறது. ஃபேக்டரி வாசலில் நிற்கிற தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும்.

பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் ஒரு சராசரி விலையை அறிவிக்கிறது. சராசரி என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. விரலால் கிள்ளிய கொழுந்தும் கத்திரியால் வெட்டிய கரட்டு இலையும் ஒரே லாரியில் ஏறி, ஒரே தொட்டியில் கொட்டி, ஒரே தூளாக வெளியே வருகின்றன. கொழுந்துக்குக் கூடுதல் காசு இல்லை என்றால், எந்த விவசாயி கூடுதல் கூலி கொடுத்துக் கொழுந்து கிள்ளுவார்? இலை முற்றுகிறது. தூளின் தரம் இறங்குகிறது. ஏலத்தில் விலை இறங்குகிறது. மறுபடியும் இலைக்கு விலை இறங்குகிறது. சோவியத் யூனியன் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எப்படிச் செய்தாலும் விற்றது. அந்தச் சந்தை போய், 1990-களின் கடைசியில் விலை சரிந்ததிலிருந்து நீலகிரி இந்தச் சுழலில்தான் சுற்றுகிறது. 2023-ல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு அங்குள்ள விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. நம் ஆதரவு அதற்கு எப்போதும் உண்டு.

அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த தேயிலை ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சுமார் 8,000 அடி உயரத்தில், கோரகுந்தாவில் இயற்கை முறையில் தேயிலை வளர்க்கும் எஸ்டேட் இருக்கிறது. ஆக, மண்ணுக்கும் குளிருக்கும் குறையில்லை. ருசியை எடைபோடத் தெரிந்தவர் கையில் தேயிலை இருந்தால் விலை வருகிறது. சிறு விவசாயி கையில் இருப்பது பச்சை இலை மட்டும்தான், அதையும் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். தன் இலையின் ருசி தெரியாதவரை, அதன் விலையை அடுத்தவர்தான் சொல்வார்.

நண்பர் ஒரு பனிக்காலத்தில் 12 கிலோ செய்கிறார். தெரிந்தவர்களுக்குக் கிலோ 1,600 ரூபாய்க்குக் கொடுக்கிறார். பறிப்பு, இரவு முழிப்பு, உருட்டல், விறகு எல்லாம் கழித்தால் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. இந்த 12 கிலோவால் ஒன்றரை ஏக்கரும் பிழைத்துவிடாது. அவரே சொல்கிறார்: "இது வருமானத்துக்குன்னு இல்லீங்க. என் எலை என்ன எலைன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா அடுத்து என்ன பண்றதுன்னு நாலு பேரோட உக்காந்து பேசலாம்." இப்போது அந்த ஹட்டியில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன உருட்டு மெஷின் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். விற்பனை என்று இறங்கினால் தேயிலை வாரிய அனுமதி, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, இயற்கைச் சான்றிதழ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தனி ஆளாக முடியாது, கூட்டாக முடியும்.

கழுவாத பயிர்

தேயிலையில் இயற்கை வேளாண்மை ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கத்தரிக்காயைக் கழுவிச் சமைக்கிறோம். அரிசியைக் களைகிறோம். தேயிலையை எந்தக் கட்டத்திலும் யாரும் கழுவுவதில்லை. செடியில் தெளித்தது வாடி, உருண்டு, காய்ந்து நம் வீட்டுக்கு வருகிறது. அந்த இலை முதன்முதலில் தண்ணீரைப் பார்ப்பது நம் கோப்பையில்தான். அந்தக் கழுவின தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

நண்பர் தோட்டத்தில் களைக்கொல்லி நின்ற மூன்றாவது வருடத்தில்தான் மண்புழு திரும்பியதாம். கவாத்து செய்த கிளைகளை விறகுக்குக் கொடுக்காமல் அங்கேயே மூடாக்காகப் போடுகிறார். களையை வெட்டி வரிசைக்கு நடுவில் போடுகிறார். மாட்டு எரு, மண்புழு உரம், பஞ்சகவ்யா. ஊடே நிழலுக்கு மரங்கள். மகசூல் முதல் வருடங்களில் நன்றாகவே இறங்கியது. இன்றும் பக்கத்துத் தோட்டத்தை எட்டவில்லை. எடைக்கு மட்டுமே விலை என்கிற சந்தையில் அவருக்கு இது நஷ்டக் கணக்கு. ருசிக்கும் விலை உண்டு என்றால்தான் அந்தக் கணக்கு நேராகும். அதனால்தான் சுவைத்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று நான் நினைக்கவில்லை. அதுவும் நம் வேலைதான்.

நீங்களே சுவைத்துப் பாருங்கள்

இந்த மார்கழி, தை விடுமுறையில் உறவினர்கள் கூடும்போது செய்து பாருங்கள். பெரிய செலவு இல்லை.

1. இரண்டு டீயாவது வேண்டும். வீட்டில் இருக்கிற தூள் ஒன்று. நீலகிரி சிறு விவசாயியிடமோ இயற்கை அங்காடியிலோ வாங்கிய முழு இலை டீ ஒன்று. எந்த மாதம் பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்வியே விற்பவரை யோசிக்க வைக்கும்.

2. முதலில் காய்ந்த இலையைப் பாருங்கள். ஒரே அளவாக, முறுக்காக இருக்கிறதா? காம்பும் நாரும் கலந்திருக்கிறதா? விரலில் ஒடித்தால் மொறுக்கென்று ஒடிய வேண்டும்.

3. கலப்படச் சோதனை செய்யுங்கள். வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றிய தூள் என்றால் தாளில் கறை பிடித்திருக்கும். நல்ல தேயிலை கறை விடாது.

4. 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம், மூடி போட்டு. எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர், ஒரே நேரம். தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல டீயும் தோற்றுவிடும்.

5. கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் பெரியவர்கள் திட்டினாலும் பரவாயில்லை. காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். துவர்ப்பு எங்கே தெரிகிறது, குடித்த பிறகு வாயில் என்ன நிற்கிறது என்று கவனியுங்கள்.

6. சக்கையை விரித்துப் பாருங்கள். பறித்த கை எப்படிப் பறித்தது என்பதை அது சொல்லிவிடும்.

7. தினசரி குடிக்கும்போது 6 நிமிடம் வேண்டாம். முழு இலை டீக்கு 3 நிமிடம் போதும். அதே இலையில் இரண்டாவது முறையும் தண்ணீர் ஊற்றலாம். அப்படிப் பார்த்தால் ஒரு கோப்பைக்கு ஆகிற செலவு கடை டீயைவிட அதிகமில்லை.

டீ பயிரிடாத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கலாம். உங்கள் நெல்லை, கடலையை, மஞ்சளை, வெல்லத்தைப் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கோடு பக்கத்தில் வைத்து எத்தனை முறை சுவைத்துப் பார்த்திருக்கிறீர்கள்? எந்த நிலத்தில், எந்தப் பட்டத்தில், எந்த ரகம் அதிக ருசி என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? வியாபாரி அதை வைத்திருக்கிறார். அவர் கையில் எடுத்து, முகர்ந்து, ஒரு பிடி வாயில் போட்டுவிட்டுத்தான் விலை சொல்கிறார். நம் மாதக் கூட்டங்களில் விதை பரிமாறுகிறோம், இடுபொருள் செய்து காட்டுகிறோம். அதோடு அரை மணி நேரம், உறுப்பினர்கள் விளைவித்ததை வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்க்கவும் ஒதுக்கலாம். பறிக்க வருகிறவர்களையும் அறுக்க வருகிறவர்களையும் அதில் உட்கார வையுங்கள். விளைவித்த கைக்குத்தான் முதல் கோப்பை.